ஒரு ஃபேஸ் போனால்

ஜெயபாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். குழாயில் தண்ணீர் வரும் நாள் இல்லை. குடத்தில் இருந்ததை எடுத்துக் குளித்தான். மெஸ்ஸில் நான்கு இட்லி தின்றான். தாராபுரம் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி, ஏழே காலுக்குக் கிட்டுசாமியின் பனியன் கம்பெனி வாசலில் இறங்கினான். கட்டிங் செக்‌ஷனுக்கு மேலே இருந்த அறையைத் திறந்தான். எட்டு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருபது வரை எண்ணினான். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். பிறகு மனைவியின் மெயிலைத் திறந்தான்.

மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மார்ச்சில் டெங்கு. ஆறே நாள்.

மெயில் டென்மார்க்கிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர் ஹென்ரிக். வழக்கம்போல 'அன்புள்ள வேல்விழி' என்றுதான் தொடங்கியிருந்தார்.

'பதினான்கு மின்வெட்டுகளில் பழைய நிரலும் தப்பித்திருக்கிறது, உங்கள் திருத்தமும் தப்பித்திருக்கிறது. வித்தியாசம் இல்லை என்றால் அறுநூறு வரிகளைச் சேர்க்க எனக்குக் காரணம் இல்லை. திங்கட்கிழமை மாலை புதிய வெளியீட்டைப் பூட்டுகிறேன். அதற்குள் எதையும் காட்ட முடியவில்லை என்றால் இந்தத் திருத்தத்தை மூடிவிடுகிறேன். வருந்துகிறேன்.'

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஜெயபாண்டி அதை இரண்டு தடவை படித்தான். வேல்விழி செய்துவைத்துப் போனதில் மிச்சம் இருந்தது அந்த அறுநூறு வரிகள்தான். சேலைகளை அவள் தங்கச்சி எடுத்துப் போய்விட்டாள். சாத்தூரிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷினை வீட்டுக்காரம்மா கேட்டார்கள், கொடுத்துவிட்டான். இந்த அறுநூறு வரிகளை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியாது. ஹென்ரிக் எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெயபாண்டி அந்தக் கம்பெனியில் சிஸ்டம் பார்ப்பவன். ஷிப்மென்ட் பேப்பர்களும் அவன் தலையில்தான். கல்யாணமாகி வந்த வேல்விழி எம்.சி.ஏ. படித்தவள். வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று மார்க்கர் போடும் வேலைக்கு வந்தாள். மார்க்கர் என்பது துணியின் மேல் டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் அடுக்கும் வரைபடம். எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு துணி மிச்சம். லட்சக்கணக்கான விதத்தில் அடுக்கிப் பார்த்து, அதில் சிறந்ததை எடுக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் அதைச் செய்து முடிக்க இரண்டு நாள் ஆகும். அவிநாசிபாளையத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து எட்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கிட்டுசாமியை வாங்கவைத்து, எட்டையும் ஒரே கம்ப்யூட்டர்போல வேலை செய்ய வைத்தாள். ஆறு மணி நேரத்தில் மார்க்கர் வந்தது.

ஆனால் ஆறு மணி நேரத்தில் இந்த ஊரில் இரண்டு தடவை கரண்ட் போகும். போனால் எல்லாம் முதலிலிருந்து.

அதற்குத்தான் ஆங்கர் என்ற மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத நாற்பது ஐம்பது பேர் பல நாடுகளில் இருந்துகொண்டு எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தி அனுப்பலாம். ஆயிரம் கம்ப்யூட்டர்களைக் கோத்து மழையையும் புயலையும் கணக்குப் போடும் பெரிய ஆய்வகங்கள்கூட அதைத்தான் வைத்திருந்தன. அது செய்கிற வேலை ஒன்றுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தான் எதுவரை வந்திருக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லும். கரண்ட் போய் வந்தால், எல்லாப் பக்கங்களையும் சேர்த்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேல்விழிக்கு அது சில நாள் வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. மும்முனை மின்சாரத்தில் கரண்ட் எப்போதும் ஒட்டுமொத்தமாகப் போவதில்லை. ஒரு ஃபேஸ் மட்டும் போகும். எட்டில் மூன்று செத்துவிடும், ஐந்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஐந்தும் பதறிப்போய், நிலைமை மோசம், எழுதி வைத்துவிடுவோம் என்று பழைய பக்கத்தை அழித்துவிட்டு ஆளாளுக்கு ஒரு புதிய பக்கம் எழுதும். கொஞ்ச நேரத்தில் அவற்றுக்கும் கரண்ட் போகும். திரும்பி எழுந்தால் மூன்றின் பக்கம் ஒரு கதை சொல்லும், ஐந்தின் பக்கம் வேறு கதை சொல்லும்.

அவள் திருத்தம் சொன்ன விதி எளிமையானது. ஒன்று போய்விட்டால், மிச்சம் இருப்பவை புதிதாக எதுவும் எழுதக் கூடாது. எட்டும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கடைசிப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது.

பிப்ரவரியில் அனுப்பினாள். 'எங்கள் யாருக்கும் இப்படி நடந்ததில்லையே' என்று கேட்டார்கள். 'எங்களுக்கு வாரம் மூன்று நாள் நடக்கிறது' என்று எழுதினாள். 'நிரூபியுங்கள்' என்றார்கள். நிரூபிக்க உட்கார்ந்தபோதுதான் காய்ச்சல் வந்தது.

ஜூனில் ஜெயபாண்டி அந்த அறையைத் திறந்தான். அவள் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து, அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நேரங்களில் பழைய நிரலை ஏழு நாள், புதியதை ஏழு நாள் ஓட்டினான். முடிவை அவள் மெயிலிலிருந்தே அனுப்பினான். கீழே பெயர் போடவில்லை. பொய் சொல்லும் எண்ணம் ஒன்றும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் இன்னும் அவளை நேராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அதை நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குக் கீழே சத்தம் கேட்டது. தையல் ஹாலில் ஒரு வரிசை மிஷின் நின்றுபோய், பெண்கள் 'ஓ' என்று கத்தினார்கள். அறையில் ஃபேன் நின்றது. டியூப்லைட் அணைந்தது.

"ஒரு ஃபேஸ் போச்சுங்கோ!" என்று யாரோ படியடியில் கத்தினார்.

ஜெயபாண்டி திரும்பிப் பார்த்தான். எட்டு கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன.

எட்டும்.

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாண்டிக் கீழே ஓடினான். மெயின் போர்டுக்கு முன்னால் எலெக்ட்ரீசியன் சின்னான் டெஸ்டரை வாயில் கடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சின்னான், மேல என் மிஷின் எல்லாம் எந்த லைன்ல இருக்கு?"

சின்னான் டெஸ்டரை வாயிலிருந்து எடுத்தான். "நீலத்துல இருக்குதுங் சார். நம்மளுக்கு இருக்கறதுலயே நல்ல ஃபேஸு அதானுங்க. லேசுல போகாது."

"எட்டுமா?"

"எட்டும்தானுங்க. மின்ன மூணு லைன்லயும் பிரிச்சுல்ல குடுத்திருந்துச்சு? அயர்ன் டேபிளெல்லாம் புது ஷெட்டுக்குப் போனதும் நீலத்துல லோடு கொறஞ்சுபோச்சுங்க. ஏப்ரல்லயே மாத்திப் போட்டுட்டனுங்க." குரலைத் தாழ்த்தினான். "அம்மிணி இல்லாத நேரத்துல அது வெச்சிருந்த மிசினு எதுவும் கெட்டுப்போயிறக் கூடாதுன்னுதானுங்க."

ஜெயபாண்டி போர்டுக்குப் பக்கத்தில் இருந்த நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். பதினான்கு நாளும் எட்டும் ஒரே ஃபேஸில் இருந்திருக்கின்றன. எட்டும் ஒரே நொடியில் செத்து, ஒரே நொடியில் எழுந்திருக்கின்றன. பதறுவதற்கு ஒன்றுகூட மிச்சம் இல்லை. அப்புறம் பழைய நிரல் ஏன் பிழைக்காது?

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. சின்னான் பயந்துபோனான்.

"ஏனுங் சார், தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"இல்லப்பா. நல்லதுதான் பண்ணிருக்க. அதான் பிரச்சினையே." எழுந்தான். "பழையபடி மூணு லைன்லயும் பிரிச்சுப் போடணும். இன்னைக்கே. அப்புறம் ஞாயித்துக்கிழமை நீ எனக்கு ஃபியூஸ் கட்டையப் புடுங்கித் தரணும்."

"எத்தனை தடவைங்க?"

"நாப்பது."

சின்னான் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினான். "மொதலாளிகிட்டக் கேட்டுப்போட்டீங்களா?"

கேட்கவில்லை. மத்தியானம் கேட்டான். கிட்டுசாமி பேக்கிங் டேபிளில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கம்பெனியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஈபி ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்துவார். கரண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும்.

"ஏந்தம்பி, ஊரே கரண்டு இல்லாம அல்லாடுது. நீ வந்து, இருக்கற கரண்டப் புடுங்கறேங்கற?"

"மேல ரூம்புக்குப் போற லைன் மட்டும்தான் மொதலாளி. ஹாலுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஞாயித்துக்கெழமை ஓ.டி. இருக்குது. ஜெர்மன்காரன் சரக்குப் போகோணும். நீ ஒண்ணு கெடக்க ஒண்ணு புடுங்கி உட்டீன்னா?"

"புடுங்க மாட்டேன். சின்னான் புடுங்குவான்."

"அவன் புடுங்குனா இன்னும் மோசம்."

பக்கத்தில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்த செக்கிங் சாரதாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிட்டுசாமி அவளை முறைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"எதுக்குத் தம்பி இது? எட்டு மிசினும் நல்லாத்தானே ஓடுது?"

ஜெயபாண்டி சொன்னான். ஆங்கர் பற்றி, டென்மார்க்காரர் பற்றி, திங்கட்கிழமை பற்றி. அவனுக்கு நீட்டிப் பேசத் தெரியாது. கடைசியில், "அவ எழுதுனது மொதலாளி. சேர்க்கலன்னா தூக்கிப் போட்டுருவாங்க" என்றான்.

கிட்டுசாமி எழுந்தார். கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார்.

"அந்தப் புள்ள போட்ட மார்க்கர்லதான் போன தீவாளிக்கு மூணு ரோலு மிச்சம் பண்ணுனோம்" என்றார். "காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்கு முடிச்சுப்போடோணும். எனக்கு ஹால்ல ஒரு லைட்டு அணையக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் சின்னான் மேல் அறைக்கு வெளியே, சுவரில் தனியாக அடித்த பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பலகையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள். சிவப்பு, மஞ்சள், நீலம். முதல் மூன்று கம்ப்யூட்டர் சிவப்பில், அடுத்த மூன்று மஞ்சளில், கடைசி இரண்டு நீலத்தில். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் எழுதுவதை ஜெயபாண்டி ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மாற்றியிருந்தான். ஐந்து நிமிஷத்தில் முடியும் சின்ன மார்க்கர் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். பழைய நிரலில் இருபது தடவை, புதியதில் இருபது தடவை.

ஒரு சிக்கல் இருந்தது. எந்தக் கட்டையை எப்போது பிடுங்குவது என்று அவனே தீர்மானித்தால், வேண்டுமென்றே செய்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். சாரதாமணிதான் வழி சொன்னாள். கட்டிங் வேஸ்டிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலத் துணித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பாலிதீன் பையில் போட்டுக் குலுக்கினாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டு எடுக்கறனுங்க. வர்ற கலரப் புடுங்கட்டும். ரெண்டாவது எடுக்கறதுக்குள்ள எத்தன நேரம் ஆகுதோ, அதுதான் கேப்பு. கரண்டு என்ன நம்மளக் கேட்டுக்கிட்டா போகுது?"

முதல் துண்டு மஞ்சள். சின்னான் பிடுங்கினான். மூன்று கம்ப்யூட்டர்கள் 'டப்'பென்று அணைந்தன. மற்ற ஐந்தும் கரகரவென்று டிஸ்க்கில் எதையோ எழுதின. சாரதாமணி அடுத்த துண்டு எடுத்தாள். நீலம். பிறகு சிவப்பு. அறையே அமைதியானது. கட்டைகளைத் திரும்பச் செருகி, இருபது இருபதாக எண்ணி எட்டையும் எழுப்பினார்கள்.

பழைய நிரல் பக்கங்களைப் படித்தது. யோசித்தது. 'தொடர முடியவில்லை' என்றது.

"ஒண்ணு" என்று ஜெயபாண்டி நோட்டில் குறித்தான்.

இரண்டாவதில் பிழைத்தது. மூன்றாவதில் செத்தது. நான்காவதில் நடந்ததுதான் அந்த நாளையே மாற்றியது. பழைய நிரல் ஒரு புகாரும் இல்லாமல் தொடர்ந்து ஓடியது. வேலை முடிந்தது என்று சொல்லி மார்க்கரைத் திரையில் போட்டது. டீ கொண்டுவந்து வைத்த சாரதாமணி அதை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங், ரெண்டு கையும் ஒரே எடத்துல கெடக்குது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு டி-ஷர்ட்டின் வலது கை, இன்னொன்றின் இடது கை மேல் ஏறிப் படுத்திருந்தது. மூன்று கம்ப்யூட்டர் ஒரு கதை, ஐந்து கம்ப்யூட்டர் வேறு கதை. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது பழைய நிரல். அதற்கு அதுவே தெரியவில்லை.

சாரதாமணி கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கிட்டுசாமி மூச்சு வாங்க மேலே வந்தார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதெ வெட்டியிருந்தா?"

"நூறு லேயர் துணி அடுக்கி வெட்டியிருந்தா, நூறு பீஸும் ஒத்தக் கை மொதலாளி."

"ஜெர்மன்காரன் ஒத்தக் கையோட எப்பிடிரா போடுவான்?" என்றார் கிட்டுசாமி. அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. "அந்த டென்மார்க்காரன் இதையா நல்லாருக்குதுன்னு சொல்லிக்கிட்டிருக்கறான்?"

அதற்கப்புறம் அவர் கீழே போகவில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பத்தாவது தடவையில், "டேய் சின்னான், எந்திரி, நான் புடுங்கறேன்" என்று ஸ்டூலையும் பிடுங்கிக்கொண்டார்.

பழைய நிரல் இருபதில் பதின்மூன்று தடவை தோற்றது. அதில் ஐந்து, தோற்றதே தெரியாமல் தப்பாகச் செய்து முடித்தவை.

பன்னிரண்டு மணிக்குப் புதிய நிரலைப் போட்டார்கள். சாப்பாட்டு இடைவேளை. ஹாலிலிருந்து டெய்லர்கள் படிக்கட்டு முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மேலேயிருந்து கீழே செய்தி சொன்னாள். சாரதாமணி துண்டு எடுத்தாள். நீலம். கிட்டுசாமி பிடுங்கினார். இரண்டு கம்ப்யூட்டர் அணைந்தது.

மற்ற ஆறும் ஒன்றும் எழுதவில்லை. சத்தமே இல்லை. அப்படியே நின்றன.

"என்ன தம்பி, பேச்சு மூச்சக் காணோம்?"

"அதான் மொதலாளி. பேசக் கூடாது."

எழுப்பினார்கள். எட்டும் சேர்ந்து எழுதிய கடைசிப் பக்கத்தைப் புதிய நிரல் படித்தது. 'தொடர்கிறேன்' என்றது.

"பொழச்சுக்கிச்சு!" என்று செய்தி படிக்கட்டில் இறங்கியது.

ஒன்று. இரண்டு. ஏழு. பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே கைதட்டல் கேட்டது. பதினேழாவதில் ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் எழவில்லை. ஸ்விட்சைப் போட்டால் நீளமாக மூன்று தடவை கூவியது, அத்தோடு சரி. மணி மூன்றேகால். டீ இடைவேளைக்குப் படிக்கட்டில் மறுபடியும் கூடியிருந்த டெய்லர்கள் எழுந்து நின்றார்கள். ஆறாம் நம்பர் எழாவிட்டால் அதன் பக்கம் போச்சு. அதன் பக்கம் இல்லாமல் மற்ற ஏழும் தொடராது. இருபதில் ஒன்று தோற்றாலும் 'திருத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை' என்று ஹென்ரிக் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

சின்னான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மெமரிக் கட்டையை உருவி எடுத்தான். சுற்றிலும் பார்த்தான். சாரதாமணியின் பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை வாங்கி, மெமரியின் மஞ்சள் பல் வரிசையை அழுத்தித் துடைத்தான். ஊதினான். செருகினான்.

"போடுங் சார்."

ஜெயபாண்டி போட்டான். ஒரே ஒரு சின்னக் கூவல். திரை வெளிச்சமானது.

'தொடர்கிறேன்.'

"பதினேழு!" என்று கிட்டுசாமியே படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருபது முடிந்தது. இருபதும் பிழைத்தது. இருபது மார்க்கரையும் சாரதாமணி வரிசையாகத் திரையில் பார்த்தாள். ஏற்றுமதிப் பீஸைச் சோதிப்பதுபோல ஒவ்வொரு கையையும் எண்ணினாள். "எல்லா ஆளுக்கும் ரெண்டு கை இருக்குதுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அன்றைக்கு ஹாலில் ஒரு லைட்டும் அணையவில்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஜெயபாண்டி மெயில் எழுதினான். நாற்பது தடவையின் லாக், அதாவது கம்ப்யூட்டர்கள் தாமே எழுதிவைத்த ஓட்டப் பதிவு, எல்லாவற்றையும் இணைத்தான். கையும் கையும் ஏறிக் கிடந்த மார்க்கரையும் இணைத்தான். பதினான்கு நாள் முடிவு ஏன் தப்பு என்று சொன்னான். சின்னான் அன்பினால் ஃபேஸை மாற்றியதையும் ஒரு வரி எழுதினான். கடைசி வரிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.

'வேல்விழி மார்ச் மாதம் இறந்துவிட்டாள். ஜூனிலிருந்து எழுதியது நான். அவள் கணவன், ஜெயபாண்டி.'

அனுப்பினான். இனி யாரும் 'அன்புள்ள வேல்விழி' என்று தொடங்க மாட்டார்கள். அதைத் தெரிந்தேதான் அனுப்பினான்.

திங்கட்கிழமை காலையில் ஹென்ரிக்கின் பதில் இல்லை. அதே மெயில் போயிருந்த ஆங்கர் குழுவின் பொது மெயிலில் மட்டும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். லாகோஸிலிருந்து ஒருவர், 'எங்கள் ஊரில் இது தினசரி. எங்கள் கம்ப்யூட்டர்தான் மட்டம் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தார். சின்னானுக்கு ஒருவர் தனியாக வணக்கம் சொல்லியிருந்தார். மத்தியானம் வரைக்கும் ஹென்ரிக் வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு ஷிப்மென்ட் பேப்பரில் ஜெயபாண்டி எடையைத் தப்பாகப் போட்டான். திருத்தினான். மறுபடியும் தப்பாகப் போட்டான்.

ஆறு மணிக்குப் பதில் வந்தது. நீளமாக இருந்தது.

ஹென்ரிக் தன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆயிரத்து நூறு கம்ப்யூட்டர்களின் பழைய லாக்குகளைக் காலையிலிருந்து தோண்டியிருக்கிறார். அங்கே ஊருக்குக் கரண்ட் போவதில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் இரண்டு தடவை ஓர் அலமாரிக்கு மட்டும் போயிருக்கிறது. மற்ற அலமாரிகள் பதறி எழுதியிருக்கின்றன. பிறகு எல்லாவற்றையும் அணைத்து எழுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் கணக்கு ஒரு புகாரும் இல்லாமல் தொடர்ந்து ஓடி முடிந்திருக்கிறது. இரண்டும் தப்பு. அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒரு குழு அச்சுக்கு அனுப்ப இருந்தார்களாம். இன்று மத்தியானம் நிறுத்திவிட்டார்களாம்.

'ஆயிரத்து நூறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு நாங்கள் பார்க்காததை உங்கள் எட்டு பார்த்திருக்கிறது. எங்களுக்கு இப்படி நடந்ததில்லை என்று பிப்ரவரியில் எழுதினேன். அது தப்பு. நடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். ஒரு வரியும் மாற்றவில்லை. ஆசிரியர்: வேல்விழி. அது மாறாது. சோதித்தவர்கள் பெயரையும் சேர்ப்பது எங்கள் வழக்கம். அனுப்புங்கள்.'

ஜெயபாண்டி எழுந்து ஜன்னலைத் திறந்தான். கீழே ஷிப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சேத்துட்டாங்க!" என்று கத்தினான். அவன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவனுக்கே தெரியாது. கீழே யாருக்கு என்ன புரிந்ததோ, ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் புரிந்தது. அவர்கள் கத்திய கத்தலில் வாட்ச்மேன் கேட்டை மூடிவிட்டார்.

சோதித்தவர்கள் பெயரை அனுப்பினான். சின்னான். சாரதாமணி. கிட்டுசாமி. ஜெயபாண்டி. புதன்கிழமை வெளியீடு வந்தது. உலகத்தில் எங்கெங்கோ பெரிய ஆய்வகங்களில் அதை ஏற்றிய எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அந்த நான்கு பெயர்கள், அவற்றுக்கு மேலே வேல்விழி. பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து ஆபீஸில் மாட்டிய கிட்டுசாமிக்கு ஒரே ஒரு குறைதான்.

"இனிசியல் உட்டுப்போச்சே தம்பி. கிட்டுசாமின்னு மொட்டையாப் போட்டா, எந்தக் கிட்டுசாமின்னு அவனுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவங்களுக்கு ஒரே கிட்டுசாமிதான் மொதலாளி" என்றாள் சாரதாமணி.

வாரக் கடைசியில் ஹென்ரிக் இன்னொன்று கேட்டார். ஆங்கரின் முகப்புப் பக்கத்தில் வேல்விழியைப் பற்றிச் சில வரிகள் வைக்க வேண்டும் என்று குழுவில் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அவள் சொன்னது ஏதாவது இருந்தால், அவள் சொற்களிலேயே ஒன்று தர முடியுமா?

கிட்டுசாமி உடனே சொன்னார். "நான் செத்தாலும் என் வேலை சாகாதுன்னு போடு தம்பி. நல்லா இருக்கும்."

"அவ அப்படிச் சொல்லல மொதலாளி."

"சொன்ன மாதிரி இருக்கும்ல?"

சாத்தூருக்குப் போன் போட்டான். மாமியார் ராமுத்தாய்க்குக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் புரியவில்லை. மகள் பெயர் வெளிநாட்டில் வந்திருக்கிறது என்பது புரிந்தது. ரொம்ப நேரம் அழுதாள். பிறகு சொன்னாள். "கடைசியில கூட என் வீட்டுக்காரரப் பாத்துக்கங்கம்மான்னுதானய்யா சொன்னா. அதப் போடுங்க மருமகனே."

ராமுத்தாய் அன்றைக்கு வந்து சேர்ந்தபோது வேல்விழி பேசும் நிலையில் இல்லை. அவன் அதைச் சொல்லவில்லை. "சரி அத்தே" என்றான்.

மச்சினன் ஒன்று சொன்னான். பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொன்னாள். வேல்விழி போன பிறகு ஆளாளுக்கு ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். எதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

ஜெயபாண்டி அறைக்கு வந்து உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. கதவு திறப்பதற்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்திருந்தார்கள். காலை பத்தரை. கரண்ட் போய், வராந்தாவில் ஃபேன் நின்று, மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது. அவள் சொல்லி அவன் போட்டுவிட்டு வந்த முதல் சோதனை அன்றைக்குத்தான் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நூற்று மூன்று டிகிரி. கண்ணைத் திறந்து ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். வராந்தாவில் அவர்கள் இருவர் மட்டும்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தமிழில் அடித்தான். கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதினான். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அனுப்பினான்.

"கரண்ட்டு வந்துருச்சுல்ல? போயி லாக்கப் பாருங்க. என்னைய அப்புறமாப் பாத்துக்கிடலாம்."